முப்பத்தொரு மூட்டைப் பிடியரிசி

1944 ஜனவரி 11, செவ்வாய்

எங்கள் ஊர் எட்டு மணி பஸ், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுவது, ஒன்பதே காலுக்குப் புறப்பட்டது. மம்சாபுரம் சாலை பிரியும் விலக்கில் நின்றுவிட்டது. பெண்களைத் தவிர எல்லாரும் இறங்கித் தள்ளினோம். ராஜபாளையம் சேர்ந்தபோது பத்தே முக்கால்.

போன காரியம், மதுரையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் எழுதிய கார்டு: "அங்கே ஒரு கிறிஸ்தவ அம்மாள் தினம் இருநூறு பேருக்குக் கஞ்சி ஊற்றுகிறாராம். அரைப் பத்தி."

அம்மாளின் பெயர் பரிபூரணம். வயது ஐம்பத்தெட்டு. பருத்தி வியாபாரம் செய்த எலியேசரின் விதவை; பிள்ளைகள் இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் கணவர் விட்டுப்போன கிடங்கில், இங்கே கிட்டங்கி என்கிறார்கள், பருத்திக்குப் பதில் இப்போது மூன்று அடுப்பும் நான்கு திருகையும் இருக்கின்றன. பர்மா அரிசி வரத்து நின்று, ஐப்பசி மழையும் பொய்த்தபின், கார்த்திகையில் அடுப்பு மூட்டினாராம்.

அரிசி எங்கிருந்து? அவர்கள் சபைப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். வாரம் ஒருமுறை அது சபைக் கோயிலுக்குப் போகும். பரிபூரணம் அம்மாள் அந்தப் பிடியரிசியைச் சபைக்கு வெளியே கொண்டுபோய்விட்டார். அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, ஆவணியிலிருந்து எல்லாத் தெருவிலும் கலயம். தெலுங்கு பேசும் வீடுகளிலும்.

ஒரு சட்டம் வைத்திருக்கிறார். "கஞ்சி குடிச்சவங்க ஒரு மணி நேரம் திருகை சுத்தணும், இல்ல ஊருணியில மண்ணு வெட்டணும். குடுத்தவங்க மாசத்துக்கு ஒரு நாள் வந்து ஊத்தணும். சும்மா நிக்கதுக்கு இங்க இடம் இல்லய்யா." சொல்லிக்கொண்டே ஒரு பெட்டி வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார். நான் நிருபர் என்றேன். "எழுதுத கை உரிக்காதோ?"

சிரித்துச் சமாளித்தேன்.

எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. "வேற வேலை இல்ல" என்றார். இதை எப்படிப் பத்திரிகையில் போடுவது?

கஞ்சி ருசித்தேன். ஒரு பருக்கை குழைந்து போயிருக்கிறது, அடுத்தது பல்லில் கடிபடுகிறது. அக்கிரகாரத்துப் பச்சரிசியும் மற்றவர்கள் வீட்டுப் புழுங்கலும் மலையடிவாரத்துச் சிவப்பரிசியும் ஒரே மூட்டையில் வந்து சேருகின்றன. வேகும் நேரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா? சூசை என்ற கிழவர், "ஒரு வாயில ரெண்டு கஞ்சி இருக்கு தாயி" என்றார். "அப்ப ரெண்டு தரம் ஸ்தோத்திரம் சொல்லும்" என்றார் அம்மாள்.

திருகை எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. எல்லா அரிசியையும் நொய்யாக உடைத்துவிட்டால் ஏறக்குறைய சேர்ந்து வேகும். ஏறக்குறைய.

ஜனவரி 12

அரைப் பத்தி எழுதி அனுப்பினேன். கடிபடும் பருக்கையை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். தர்மம் செய்கிறவரின் கஞ்சியில் குற்றம் கண்டு என்ன ஆகப்போகிறது?

வஞ்சுளவல்லியிடம் சொன்னேன். என் மனைவி எதையும் உடனே ஏற்றுக்கொள்கிறவள் அல்ல. "பச்சரிசிக்கு ஒரு கலயம், புழுங்கலுக்கு ஒரு கலயம்னு வெச்சா ஆயிடுத்து. இது கூடவா அந்த அம்மாளுக்குத் தெரியாது?" என்றாள்.

ஜனவரி 15

நேற்றுப் பொங்கல். வஞ்சுளவல்லி சமையலறையில் ஒரு சிறு கலயம் வைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "பெருமாளுக்குப் படைச்சுக் கண்டருளப் பண்றதுக்கு முன்னாடியே ஒரு பிடி எடுத்துடறேன். தப்பான்னு தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

கலயத்தை எட்டிப் பார்த்தேன்.

ஜனவரி 19

ஆசிரியரின் கார்டு. "உருக்கம் போதும். எத்தனை பேர், எத்தனை மூட்டை? எண் வேண்டும்." அவர் சொல்வது சரி. இருபத்தேழு வருஷமாக நானும் அதைத்தான் சொல்லி வருகிறேன்.

ஜனவரி 23, ஞாயிறு

வஞ்சுளவல்லி கொடுத்தனுப்பிய கலயத்து அரிசியைப் பெட்டியில் போட்டுவிட்டு, பிடியரிசி சேர்க்கும் பெண்களுடன் மாலை முழுவதும் நடந்தேன். தலையில் ஓலைப்பெட்டி. வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்கிறார்கள். கலயம் வந்து பெட்டியில் கவிழ்கிறது. ராஜுக்கள் தெருவில் ஒரு அம்மாள், தெலுங்கில் "தீசுக்கோம்மா", எடுத்துக்கொள், என்று கவிழ்த்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த நாலு அரிசியையும் தட்டிவிட்டாள்.

வஞ்சுளவல்லியின் யோசனையைப் பரிபூரணம் அம்மாளிடம் சொன்னேன். ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "வேண்டாம்." ஏன்? "ரெண்டு கலயம் வச்சா நாளைக்கு ரெண்டு பானை கேப்பாங்க. பொறவு ரெண்டு வரிசை." கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது, அதைப் பார்க்கப் போய்விட்டார்.

ஊர்க்கோடியில் சமுத்திரம் என்ற சிறு விவசாயி. நான்கு குறுக்கம் நிலம். கலயத்தைத் தானே எடுத்து வந்தவர் என் நோட்டைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். "ஐயா, எம்பேர எழுதிராதிய. வீட்டுல தானியம் இல்லன்னு சர்க்காருக்கு எழுதிக் குடுத்திருக்கேன். பிள்ளையளுக்கு மூணு மாசத்துக்கு ஒளிச்சு வச்சது." ஒளித்து வைத்ததிலிருந்து ஒரு பிடி. இது என்ன வகைக் காரியம் என்று எனக்குப் பிடிபடவில்லை. குற்றமா, தர்மமா, இரண்டுமா? பேரைப் பத்திரிகையில் போடமாட்டேன் என்றேன். ஆனால் பழக்கத்தில் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவரைப்போல் இன்னும் மூன்று வீடு. அவற்றையும்.

ஜனவரி 24

மறுபடி கிட்டங்கி. மூட்டைகளை இருமுறை எண்ணினேன். முப்பத்தொன்று. "சித்திரைக்கு மேல கலயத்துல ஒண்ணும் விழாது. அதுக்குத்தான்" என்றார் அம்மாள். நேற்றுக் குடித்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர்.

பிப்ரவரி 3

செய்தி வந்துவிட்டது. முதல் பக்கத்தில், கட்டம் கட்டி. "கோடைக்கு முப்பத்தொரு மூட்டை அரிசி சேமித்த புண்ணியவதி." தலைப்பு ஆசிரியர் போட்டது. எண் நான் கொடுத்தது. நல்ல செய்தி. இப்படி ஒன்று எழுதிப் பல வருஷம் ஆயிற்று.

பிப்ரவரி 7, திங்கள்

பிற்பகல் இரண்டு மணிக்குத் தானியக் கட்டுப்பாட்டு அதிகாரி கிட்டங்கிக்கு வந்து மூட்டைகளைக் கைப்பற்றினாராம். லைசென்ஸ் இல்லாமல் அளவுக்கு மேல் தானியம் சேமித்த குற்றம். கையில் என் பத்திரிகை இருந்ததாம்.

பிப்ரவரி 8

போனேன். போகாமல் இருந்திருக்கலாமோ?

கிட்டங்கிக் கதவில் அரக்கு முத்திரை. அம்மாள் வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு அடுப்பு, அன்றன்று விழும் கலயத்து அரிசியை வைத்து. வரிசையில் பாதிக்கு மேல் எட்டவில்லை. திருகை சுற்றுகிற செல்லத்தாய் என்னைப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும், பருத்தி ஆலையில் ஆட்குறைப்பில் வேலை போனவள்.

"வாங்க ஐயா. எண்ணிட்டுப் போனியளே, எண்ணிக்கை சரியா இருந்துச்சாம். ஒரு மூட்டை கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"ஏட்டி, வாய மூடு" என்றார் அம்மாள் உள்ளிருந்து.

"நல்லதாத்தானே சொல்லுதேன் ஆச்சி. அம்புட்டு சரியா எண்ணுத ஆளு ஊருல வேற யாரு இருக்கா?"

சூசைக் கிழவரைக் காணவில்லை. வரிசையின் கடைசியில் நின்றவர், அடுப்பு ஒன்றுதான் என்று கண்டதும் திரும்பிவிட்டாராம். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போயிருக்கலாம் என்கிறார்கள். எழுபது வயதில் கல்லா?

நான் எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஒண்ணு கூட இல்லை. அப்புறம் ஏன் இப்படி ஆச்சு? யாரிடம் போய்க் கேட்பேன்?

பிப்ரவரி 9

ஒன்றும் எழுதவில்லை.

பிப்ரவரி 14

சம்மன். இருபத்தெட்டாம் தேதி மாஜிஸ்திரேட் முன்னால் நான் சர்க்கார் தரப்புச் சாட்சி.

வக்கீல் சம்பத்குமார் எங்கள் தெருக்காரர், அம்மாளுக்காக ஆஜராகிறார். நிலைமையை விளக்கினார். அரிசி தன்னுடையது இல்லை, ஊராருடையது என்கிறார் அம்மாள். எந்த ஊரார் என்று அதிகாரி கேட்கிறார். அம்மாள் வாய் திறக்கவில்லை. சொன்னால், தானியம் இல்லை என்று எழுதிக் கொடுத்த வீடுகளெல்லாம் மாட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால் அரிசி அவருடையது என்றாகும். ஆறு மாதம் வரை சிறை. "அதனாலதான் உம்மைக் கூப்பிடறா. நீர் கூடவே நடந்தவர். வீடு வீடாப் பார்த்தவர். ஞாபகம் இல்லைன்னு சொல்லிடும் ஓய்."

ஞாபகம் இல்லை. நான். தெருவின் எந்தப் பக்கம் எத்தனை வாசல் என்பதுவரை சொல்லக்கூடிய நான்.

பிப்ரவரி 16

அம்மாளைப் பார்த்தேன். என்ன சொல்லட்டும் என்று நேராகவே கேட்டேன்.

"பொய் சொல்லுங்கன்னு நான் கேக்க மாட்டேன் ஐயா. அது உங்க பாடு. அந்த வீடுகளச் சொல்லுங்கன்னும் கேக்க மாட்டேன். அது அவிய பாடு."

"அப்போ நான் என்னதான் செய்வது?"

"எனக்கென்ன தெரியும்? நான் கஞ்சி காச்சுதவ."

எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்தவரிடம், இந்த நிலையிலும் இதையெல்லாம் எதற்குச் செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். "எங்க வீட்டுக்காரவிய நல்லாச் சாப்பிடுவாவ. அவிய போன பொறவு ரெண்டு பேருக்கு ஒலை வச்சுப் பழகின கை கொறையல" என்றார். இது இரண்டாவது காரணம்; முதலில் வேறு வேலை இல்லை என்றார். இதே ஆள் சம்பத்குமாரிடம், ஆண்டவர் கட்டளை என்று சொல்லியிருக்கிறார். மூன்றில் எது? மனிதர்கள் ஒரு காரியத்தை ஒரு காரணத்துக்காகச் செய்யக்கூடாதா?

பிப்ரவரி 20

சமுத்திரம் வந்தார். ஏழு மைல் நடந்து. உட்காரச் சொல்லியும் நின்றார்.

"ஐயா, எம்பேரு உங்க நோட்டுல இருக்கா?"

இருக்கிறது என்றேன். அவர் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்த அம்மா உள்ள போயிட்டா நானே வந்து சொல்லிருதேன். அதுக்கு முந்தி நீங்க சொல்லிராதிய."

வஞ்சுளவல்லி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார். நோட்டைக் கிழித்து அடுப்பில் போடுவதா? எடுத்தேன். போடவில்லை. போட்டால் மட்டும் மறந்துவிடுமா?

பிப்ரவரி 22

தூக்கமில்லை. அதிகாரி மேல் கோபம் வரவில்லை. அவர் செய்தியைப் படித்தார், சட்டப்படி செய்தார். நான் பார்த்ததை எழுதினேன். அம்மாள் சேர்த்ததைச் சொன்னார். எல்லாரும் சரியாகச் செய்து எல்லாம் தப்பாக முடிந்திருக்கிறது. இதில் முதல் வரி எது என்று தெரிந்தாலல்லவா திருத்தலாம்?

பிப்ரவரி 25, வெள்ளி

வஞ்சுளவல்லி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கை நின்றது.

"ஏன்னா, அந்த மூட்டையை யாராவது அவுத்துப் பாத்தேளா?"

"எதற்கு? எண்ணியாயிற்று. எடையும் போட்டாயிற்று."

"எண்ணறதை யார் கேட்டா. அவுத்துப் பாத்தேளான்னா. நான் போட்டது பச்சரிசி. மத்தவா போட்டது புழுங்கல். எந்தக் கடைக்காரனாவது ரெண்டையும் ஒரே சாக்குல கட்டுவானோ? வாங்கறதுக்குத்தான் யார் இருக்கா? ஒரு முறத்துல கொட்டினா எத்தனை ஆத்து அரிசின்னு நான் சொல்லிடுவேன். அந்த மாஜிஸ்திரேட்டுக்கு ஆம்படையாள் இல்லையா?"

எழுந்து இந்த நாட்குறிப்பைப் புரட்டினேன். ஜனவரி 11. எல்லாம் இருக்கிறது: பச்சரிசி, புழுங்கல், சிவப்பு. நான் அடித்துவிட்டுப் பத்திரிகைக்கு அனுப்பாமல் விட்ட வரி. எண்ணைப் போட்டேன், என்ன அரிசி என்பதை விட்டுவிட்டேன். மரியாதைக்காக.

சம்பத்குமார் வீட்டுக்கு ஓடினேன். ஐம்பத்தாறு வயதில் தெருவில் ஓடினால் ஆட்கள் பார்க்கிறார்கள்.

அவர் கேட்டுவிட்டு, "அந்த அம்மாள் ஏன் இதைச் சொல்லவே இல்லை?" என்றார்.

பிப்ரவரி 28, திங்கள்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பதினொன்றரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சத்தியம் செய்தேன். எத்தனை மூட்டை? முப்பத்தொன்று. சேமித்ததாக அம்மாளே சொன்னாரா? சொன்னார். சேர்க்கும்போது கூடப் போனீரா? போனேன். எந்தெந்த வீடுகள்?

கூட்டத்தில் சமுத்திரம் நின்றார். பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அப்போது சம்பத்குமார் எழுந்து, சாட்சி பதில் சொல்வதற்கு முன் கோர்ட்டில் அடுக்கியிருந்த மூட்டைகளில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்றார். சர்க்கார் தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "பிரியும்" என்றார். அவருக்கு மற்ற வழக்குகள் இருந்தன.

முறம் கிடைக்கவில்லை. அன்றைய பத்திரிகையை மேஜைமேல் விரித்து டவாலிச் சேவகன் இரண்டு கை அரிசி அள்ளிப் போட்டான். வெள்ளை, பழுப்பு, சிவப்பு, நீளம், குட்டை, உமி போகாதது, தீட்டிப் பளபளத்தது. ஒரு பக்கம் துளி மஞ்சள் ஒட்டிய நாலு அரிசி. எந்த வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சியதோ. பெஞ்ச் கிளார்க் எட்டிப் பார்த்துவிட்டுத் தனக்குள் பேசுவதுபோல், "இத எவன் வாங்குவான்?" என்றார். சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

வேறொரு மூட்டையும் பிரிக்கச் சொன்னார் மாஜிஸ்திரேட். அதுவும் அப்படியே. மூன்றாவதும்.

அவர் விரலால் அரிசியைச் சற்று நேரம் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு அம்மாளைப் பார்த்து, "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்றார்.

"யாரு வீட்டு அரிசின்னு கேட்டாங்க ஐயா. என்ன அரிசின்னு ஒருத்தரும் கேக்கல."

இது வியாபாரச் சரக்கும் இல்லை, ஒரு வீட்டுச் சேமிப்பும் இல்லை. பல வீடுகளின் சிறு சிறு அளவு ஒன்றாகச் சமைப்பதற்காகக் கைமாறி நிற்கிறது. எனவே விடுதலை, அரிசியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இதுதான் தீர்ப்பின் சாரம். சாட்சியிடம் கேட்ட கடைசிக் கேள்வி அவசியமில்லை என்று அடித்துவிட்டார்கள்.

கூண்டிலிருந்து இறங்கினேன். கேள்வியை அடிக்காமல் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? கூண்டில் ஏறினால் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போதும் தெரியவில்லை. சமுத்திரம் கையெடுத்துக் கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டார்? நான் சொல்லாததற்கா? சொல்ல நேராததற்கா?

மார்ச் 4

விடுதலைச் செய்தி ஏழு வரி. நான்காம் பக்கத்தில், கட்டம் இல்லாமல்.

மார்ச் 8

மூட்டைகள் கிட்டங்கிக்கு வந்துவிட்டன. மூன்றில் வண்டு. ஆசிரியர் கார்டு: "திரும்பி வந்த மூட்டை எத்தனை என்று செய்தியில் இல்லையே. அனுப்பவும்." பதில் போடவில்லை.

ஆலங்குளம் போய்வந்த வண்டிக்காரர் இரண்டு பேரிடம் சூசையைப் பற்றிக் கேட்டேன். கல் உடைக்கும் இடத்தில் அப்படி ஒரு கிழவர் இல்லை என்கிறார்கள்.

மார்ச் 15, புதன்

மாசம் ஒருநாள் சட்டப்படி இன்று எங்கள் வீட்டு முறை. வஞ்சுளவல்லிக்கு விரதம். நான் போகிறேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பழைய வேஷ்டியை எடுத்துக் கொடுத்தாள்.

அம்மாள் அதே வெங்காயப் பெட்டியைத் தள்ளினார். உட்கார்ந்தேன். வாசலோர அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தகரக் குவளை கவிழ்த்து வைத்திருந்தது. யாருடையது என்று கேட்டேன். சூசையினுடையது. "இருக்கட்டும். வந்தாருன்னா தேடுவாரு" என்றார் அம்மாள்.

எதிரே செல்லத்தாய் திருகை சுற்றிக்கொண்டிருந்தாள். மாவுபோல் இல்லாமல் நொய்யாக விழவேண்டும். அதற்கு ஒரு வேகம் இருக்கிறது. கண்ணெரிச்சலில் நான் துண்டைத் தேடுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன் ஐயா, இன்னைக்கு எதை எண்ண வந்திய?"

"ஒன்றையும் எண்ண வரவில்லை."

"பொறவு எதுக்கு வந்திய?"

என்னிடம் பதில் இருந்தது என்றுதான் நினைத்தேன். முறை வந்தது. மனைவிக்கு விரதம். அந்தக் கிழவர். கோர்ட்டில் அடித்துவிட்ட அந்தக் கேள்வி. ஒவ்வொன்றும் வாய்வரை வந்து, இது மட்டும் இல்லையே என்று திரும்பிப் போயிற்று.

"வேற வேலை இல்ல" என்றேன்.

அடுப்படியில் அம்மாள் அகப்பையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். மறுபடி கிண்டத் தொடங்கினார்.

வேலை இல்லாமல் இல்லை. எழுதாத செய்திகள் மூன்று, என் வீட்டு மேஜைமேல் கிடக்கின்றன.